வெயிலாங்குளத்துக் கொக்கு

கோணலூர்க்காரர்களை முட்டாள்கள் என்று சொல்பவர்கள் அவர்களோடு பழகாதவர்கள். பழகியவர்கள் வேறு சொல் சொல்வார்கள். அதை இங்கே எழுத முடியாது.

அந்த ஊரில் ஆவுடையப்பன் என்று ஒருவன். முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் அமையவில்லை. பார்க்கப் போன பதினொரு பெண்களுக்கும் கண்பார்வை நன்றாக இருந்ததுதான் காரணம். பன்னிரண்டாவதாகக் கீழக்கோணலூர் செண்பகவடிவு சம்மதித்தாள். அவன் மீசை பிடித்திருந்ததாம். வியாழக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். அதை விட்டால் தை மாதம்தான். அதுவரைக்கும் பெண் வீட்டார் யோசிக்காமல் இருக்க வேண்டும். யோசித்தால் போச்சு.

புதன்கிழமை மத்தியானம் டீக்கடையில், வெளிநாட்டில் லாரி ஓட்டித் திரும்பிய ஒருவர் ஒரு சேதி சொன்னார். அங்கெல்லாம் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையும் கூட்டாளிகளும் ஊரை விட்டுப் போய், காய்ந்த காட்டுக்குள் ஒரு குளத்தங்கரையில் படுப்பார்களாம். கூரை கிடையாது, கரண்ட் கிடையாது, குழாய் கிடையாது, கக்கூஸும் கிடையாது.

"இதெல்லாம் இல்லாம இருக்கணும்னா நம்ம வீட்டுலயே இருக்கலாமேவே," என்றான் பண்டாரம்.

"வீட்டுல இல்லாம இருக்கது வேற. போய் இல்லாம இருக்கது வேற," என்றான் கோமதிநாயகம். அவன் எட்டாவது வரை படித்தவன். விவாதம் அதோடு முடிந்தது.

மாப்பிள்ளை, கோமதிநாயகம், பண்டாரம், அப்புறம் தாணு. நாலு பேரும் கிளம்பினார்கள். தாணுவிடம் கைக்கடிகாரம் இருந்ததால் அவனை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. ஆவுடையப்பனின் அம்மா வாசலுக்கு வந்தாள்.

"நாலு பேரா போறிய, நாலு பேரா வந்து சேரணும். காலைல முகூர்த்தத்துக்கு நாலு பேரும் மண்டபத்துல நிக்கணும். கேட்டுச்சா?"

நாலு தலையும் ஆடின.

வெயிலாங்குளம் மூன்று மைல். வழி நெடுக உடைமுள்ளும் ஆவாரஞ்செடியும்தான். புல் என்று சொல்ல ஒன்றுமில்லை. காற்று அடித்தால் காய்ந்த இலையின் கசப்பு மூக்கில் ஏறும். அதற்கு நடுவில், விருந்துக்கு வந்தவர்கள் மறந்து வைத்துவிட்டுப் போன தாம்பாளம் மாதிரி குளம் கிடந்தது. தண்ணீருக்குள் ஒரு கல். கல்லின்மேல் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு.

கரையில் அரசாங்க போர்டு ஒன்று நின்றது. கோமதிநாயகம் நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி படித்தான். குளத்துத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. தீ மூட்டினால் அதைத் தனியே விட்டுச் செல்லக் கூடாது. கொண்டுவந்ததை எல்லாம் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். வந்தபோது இருந்தபடியே இடத்தை விட்டுச் செல்ல வேண்டும்.

கோணலூர்க்காரர்கள் சட்டத்தை மதிப்பவர்கள். மதிக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது.

வந்த களைப்பில் பண்டாரம் தயிர்சாத மூட்டையை அவிழ்த்தான்.

"நிறுத்துல," என்றான் கோமதிநாயகம். "கொண்டுவந்ததெல்லாம் திரும்பப் போகணும்லா?"

"தின்னா வயித்துக்குள்ள இருக்கப் போகுது. வயிறு நம்மகூடத்தான வருது?" என்றான் தாணு. எல்லாரும் அவனை மரியாதையாகப் பார்த்தார்கள்.

"சோறு வரும். பசி வருமா? பசியையும்தான கொண்டுவந்தோம்? இங்க தின்னா அதை இங்கயே விட்டுட்டுப் போன மாதிரி ஆயிரும்," என்றான் கோமதிநாயகம்.

பண்டாரத்தின் வயிறு ஏதோ சொல்லப் பார்த்தது. அதற்குப் படிப்பில்லை. மூட்டையைத் திரும்பக் கட்டினார்கள்.

பொழுது சாய, தீ மூட்டினார்கள். விறகு போதவில்லை. இன்னும் பொறுக்கி வரவேண்டும்.

"நெருப்பைத் தனியா விடக் கூடாதே. நான் கூட இருக்கேன், நீங்க போங்க," என்றான் பண்டாரம்.

"நீ மனுசன். அது நெருப்பு. நீங்க ரெண்டு பேரும் என்ன பேசுவிய?" என்றான் ஆவுடையப்பன். நாளைக்குக் கல்யாணம் ஆகப் போகிறவன் என்பதால் துணையைப் பற்றி அவனுக்கு ஆழமான எண்ணங்கள் இருந்தன. "நெருப்புக்கு நெருப்புதான்ல துணை."

நாலு எட்டு தள்ளி இன்னொரு தீ மூட்டினார்கள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு எரிந்தன. மனநிறைவோடு நாலு பேரும் விறகுக்குப் போனார்கள்.

திரும்பி வந்தபோது இரண்டு நெருப்பும் பேசிப் பழகி ஒன்றாகியிருந்தன. இடையில் நின்ற ஆவாரஞ்செடி கருகிப்போய் அந்தச் சம்பந்தத்துக்குச் சாட்சியாக நின்றது. புகை குளம் முழுக்கக் கவிந்திருந்தது. பண்டாரம் வாளியைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு ஓடினான்.

"ஏல! குளத்துத் தண்ணியைக் குடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு!" என்று கத்தினான் கோமதிநாயகம்.

"நானா குடிக்கேன்? நெருப்புக்குவே!"

"ஊத்தினா நெருப்பு என்ன செய்யும்?"

"உஸ்ஸுன்னு உறிஞ்சும்."

"அப்ப குடிக்குதா இல்லையா?"

குடிக்கத்தான் செய்கிறது. ஆகவே வீட்டிலிருந்து கொண்டுவந்த குடிதண்ணீர் கேன் நாலையும் நெருப்புக்குக் கொடுத்தார்கள். நல்ல தண்ணீர் என்பதால் உடனே அணைந்தது.

அன்றைக்கு ஒரு குளம் நிறையத் தண்ணீருக்குப் பக்கத்தில் தாகத்தோடும், ஒரு மூட்டைச் சோற்றில் தலைவைத்துப் பசியோடும் நாலு பேரும் படுத்துக் கிடந்தார்கள். இதைப் படித்துச் சிரிக்கிறவர்களும் ஆயுளில் ஒரு தடவையாவது அப்படிப் படுத்திருப்பார்கள்.

விடிந்ததும் கிளம்பும் வேலை தொடங்கியது. வந்தபோது இருந்தபடியே இடத்தை விட வேண்டும் அல்லவா? சாம்பலை அள்ளி மூட்டை கட்டினார்கள். கால்தடத்தைத் துண்டால் பெருக்கினார்கள். கருகிய ஆவாரஞ்செடியைப் பிடுங்கிவிட்டு, பக்கத்திலிருந்த பச்சைச் செடியைப் பிடுங்கி அங்கே நட்டார்கள். இப்போது பக்கத்து இடம் காலி. அதற்கு அடுத்த செடி. அதன் இடத்துக்கு அதற்கும் அடுத்தது. இப்படியே பிடுங்கிப் பிடுங்கி நட்டுக் குளத்தை ஒரு சுற்று வந்தபோது கடைசியில் ஒரு குழி மிஞ்சியது. அதில் கருகிய செடியை நட்டார்கள்.

"எல்லாம் சரியாப் போச்சு," என்றான் தாணு. "மணி ஏழு. கிளம்புவோம்."

"கொக்கு?" என்றான் கோமதிநாயகம்.

திரும்பிப் பார்த்தார்கள். கல் காலியாக இருந்தது. புகைக்குப் பயந்து கொக்கு போயிருந்தது.

"நாம வந்தப்போ அங்க ஒரு கொக்கு நின்னுச்சு. இப்ப இல்ல. இப்படியே எப்படிப் போறது?"

"எனக்குக் கல்யாணம்ல!" என்றான் ஆவுடையப்பன். "பன்னிரண்டாவது பொண்ணுல! பதிமூணாவது கிடையாதுல!"

மூவருக்கும் மனசு கலங்கியது. மூவரும் அவனையே பார்த்தார்கள். பண்டாரம் கட்டியிருந்தது சிவப்புக் கட்டம் போட்ட சாரம். தாணு பச்சைச் சாரம். கோமதிநாயகம் காக்கி நிக்கர். உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை வெள்ளையாக உடுத்தியிருந்தது மாப்பிள்ளை ஒருவன்தான்.

"மக்கா," என்றான் கோமதிநாயகம் மெதுவாக. "கொஞ்ச நேரம் நிக்கியா?"

"எந்தக் காலு?" என்று கேட்டான் ஆவுடையப்பன். அவன் எதையும் மறுத்துப் பழகாதவன்.

"இடது காலு."

"கொக்குக்கு இடதா, பாத்த நமக்கு இடதா?"

இதில் முக்கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் கொக்கின் பக்கம் தீர்ப்பானது. ஆவுடையப்பன் தண்ணீரில் இறங்கி, கல்லில் ஏறி, இடது காலில் நின்றான். கரையிலிருந்து பார்த்தால் அசல் கொக்கேதான், மீசை மட்டும் கொஞ்சம் கூடுதல். மூவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

பத்து எட்டு வைத்ததும் தாணு நின்றான். "ஏல, அம்மா நாலு பேரா வரணும்னு சொன்னா. நாம மூணு பேருதான் இருக்கோம்."

அந்த நேரத்தில்தான் அசல் கொக்கு வந்தது. வாயில் ஒரு கெண்டைக்குஞ்சை வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தது. கல்லில் ஆள் இருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் பக்கத்துக் கல்லில் இறங்கி, வலது காலில் நின்றது.

"நிசக் கொக்கு வந்துட்டுல! நான் இறங்கட்டா?" என்று கத்தினான் ஆவுடையப்பன்.

"அசையாத!" என்றான் கோமதிநாயகம். "நிசக் கொக்குதான், ஆனா நேத்துப் பாத்த கொக்கா? நேத்து நின்னது இடதுகால் கொக்கு. இது வலதுகால். வேற ஆளு. நேத்து இல்லாததை இங்க விட்டுட்டுப் போனா தப்பு. இதைக் கொண்டு போயிர வேண்டியதுதான்."

போர்வையை வீசினார்கள். மூன்று தடவை அது மாப்பிள்ளைமேல் விழுந்தது. அவன் கால் மாறவில்லை. நாலாவது தடவை கொக்கு அகப்பட்டது.

பாதி வழியில் தாணு எண்ணிப் பார்த்தான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அம்மா சொன்ன கணக்கு சரியாப் போச்சு!"

"நாலு பேருல மாப்பிள்ளை யாரு?" என்றான் பண்டாரம்.

"நான் இல்ல," என்றான் கோமதிநாயகம்.

"நானும் இல்ல," என்றான் தாணு.

"சத்தியமா நான் இல்ல," என்றான் பண்டாரம்.

மூவரும் போர்வையைப் பார்த்தார்கள். போர்வை கழுத்தை நீட்டியது.

மண்டபத்துக்கு வரும்போது மணி ஒன்பதே முக்கால். ஆவுடையப்பனின் அம்மா ஓடிவந்து, ஒன்று முதல் நாலு வரை எண்ணிவிட்டு, பெருமூச்சோடு சமையல்கட்டுக்குப் போனாள். பெண்ணின் அப்பா பிரமநாயகம் வாசலில் மாலையோடு நின்றார். கோணலூருக்கும் கீழக்கோணலூருக்கும் ஒரே வாய்க்கால் தண்ணீர்தான்.

"மாப்பிள்ளை இளைச்சுட்டாரே," என்றார் மாலையைப் போட்டபடி.

"ராத்திரி சாப்பிடல அண்ணாச்சி."

"நிறமும் கூடியிருக்கு."

"குளத்தங்கரைக் காத்து."

கொக்கை மணவறையில் உட்கார வைத்தார்கள். உட்காரவில்லை, நின்றது. மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்றார்கள். நாதஸ்வரம் வாசித்தார்கள். செண்பகவடிவு வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"பொண்ணு பாக்க வந்தப்போ மீசை இருந்துச்சே," என்றாள்.

"கல்யாணத்துக்குன்னு மழிச்சிருப்பாரு. சும்மா இரு," என்றாள் அவள் அம்மா.

ஐயர் தாலித் தாம்பாளத்தை நீட்டினார். கொக்கு குனிந்தது, அலகைத் திறந்தது. கெண்டைக்குஞ்சு தாலிக்குப் பக்கத்தில் விழுந்து ஒரு துள்ளுத் துள்ளியது. நாதஸ்வரம் பாதியில் நின்றது.

பிரமநாயகம் துண்டை உதறி எழுந்தார்.

"மீனா?"

"மீன்தான் அண்ணாச்சி," என்றான் கோமதிநாயகம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன்.

"சைவம்னுதானவே சொன்னிய! ஏழு தலைமுறையா எங்க குடும்பத்துல முட்டை ஓட்டைக்கூட மிதிச்சது கிடையாது. மூக்கு நீளம், பேச்சு கிடையாது, காலு ரெண்டும் குச்சி. ஒண்ணாவது நான் வாயைத் திறந்து சொன்னனா? எல்லாம் பொறுத்துக்கிட்டேன். மீன் மட்டும் ஆகாது. கல்யாணத்தை நிறுத்துங்க!"

மணி பத்து. பந்தியில் இலை போட்டாகிவிட்டது. செண்பகவடிவு மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் இது பன்னிரண்டாவதோ என்னவோ, முகம் அப்படி இருந்தது.

"அண்ணாச்சி, கோவப்படாதீங்க," என்றான் கோமதிநாயகம். "இன்னொரு மாப்பிள்ளை கைவசம் இருக்காரு."

"சைவமா?"

"காலைலேருந்து குளத்துக்குள்ள நிக்காரு. மீனு காலைச் சுத்திச் சுத்தி வருது. ஒண்ணைத் தொடல."

கூட்டத்தில் 'ஆகா' என்ற சத்தம் எழுந்தது.

"என்ன வேலை?"

"கொக்கா இருக்காரு."

பிரமநாயகம் குரலைத் தாழ்த்தினார். "தனியார்லயா?"

"போர்டு அரசாங்க போர்டுதான் அண்ணாச்சி."

பிரமநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு அரசாங்க மாப்பிள்ளை அமையலையேன்னு எத்தனை நாள் தூக்கமில்லாம கிடந்தேன்! முதல்லயே சொல்ல வேண்டாமாவே?"

"அவருக்கு மீசை இருக்கா?" என்று கேட்டாள் செண்பகவடிவு.

"இருக்கு."

"அப்ப சரி," என்று மாலையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

பெண், ஐயர், நாதஸ்வரம், பந்தியில் பாதி, நாலாவது ஆளாகக் கொக்கு என்று எல்லாரும் டிராக்டரில் ஏறினார்கள். குளத்துக்கு வந்தபோது முகூர்த்தம் முடிய ஏழு நிமிஷம். ஆவுடையப்பன் கல்லின்மேல், காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்கிக்கொண்டு, இடது காலில் நின்றான். கரையில் பட்டுச்சேலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தூக்கியிருந்த காலை மெல்ல இறக்கப் போனான்.

"மாப்ளே!" என்று அலறினார் பிரமநாயகம். "காலை இறக்கிராதீங்க! வேலை போயிரும்!"

கால் அந்தரத்தில் நின்றது. செண்பகவடிவு ஒரு நிமிஷம் அப்பாவைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் குளத்தைப் பார்த்தாள். கூரைச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, ஐயரின் தாம்பாளத்திலிருந்து தாலியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தாள். முதல் முடிச்சில் ஆவுடையப்பன் ஆடினான். இரண்டாவது முடிச்சில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவதை அவளே போட்டுக்கொண்டாள். கரையிலிருந்து பூவும் அரிசியும் பறந்தன. எங்கிருந்தோ மீன்கள் வந்து அரிசியைத் தின்றன. மாப்பிள்ளை அவற்றைத் தொடாததை எல்லாரும் கவனித்தார்கள்.

பிரமநாயகம் மட்டும் வாழ்த்தாமல் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோமதிநாயகத்தைத் தனியாகக் கூப்பிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டார்.

"மாப்பிள்ளைக்குப் பக்கத்துல ஒரு கல்லு காலியா இருக்கே. நம்ம மூத்தவன் சும்மாத்தான் வீட்டுல கிடக்கான். பத்தாவது பாஸு. இதுக்கு யாரைப் பாக்கணும்?"

கோமதிநாயகம் தீவிரமாக யோசித்தான். "இதுக்கு முன்னாடி அந்தக் கல்லுல இருந்தது இவருதான் அண்ணாச்சி," என்று தாணுவின் கக்கத்திலிருந்த கொக்கைக் கைகாட்டினான். "ஒரு வார்த்தை இவருகிட்டயே கேட்டுப் பாருங்க."

பிரமநாயகம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கொக்கின் முன்னால் போய்க் குனிந்து நின்று, ஏழு தலைமுறையில் அவர் குடும்பத்தில் யாரும் கேட்டிராத கேள்வியைக் கேட்டார்.

"சார், மீன் ஏதும் சாப்பிடுதியளா?"