திரைக்கு முன்னால் இரண்டு செங்கமலம்

“செங்கமலம் போன மாசமே வந்து வீட்டை வித்துட்டுப் போயாச்சு. நீ யாரும்மா?”

“ஐயோ, நாந்தாங்க செங்கமலம்!”

“பேரு, நட்சத்திரம், கோத்திரம் மூணும் அவ சரியாச் சொன்னா. முத்திரை போட்டுக் குடுத்துட்டோம். போ, போ.”

அரண்மனைச் சாவடியில் நடந்த இந்தச் சண்டை விகடகவி மருதையனின் காதில் விழுந்தது. ராஜாக்கள் ஆண்ட காலம் அது. முகம் பார்த்தால் அதிகாரிகள் வேண்டியவருக்குச் சலுகை காட்டுவார்கள் என்று ராஜாவுக்கு ஒரு நினைப்பு. அதனால் சாவடியில் திரை கட்டிவிட்டார். வெளியே நின்று மூன்றையும் சரியாகச் சொன்னால் போதும், சொன்னவர்தான் அந்த ஆள். யோசனை கொடுத்தவர் தலைமை மந்திரியான பிரதானி வீரபாகு.

“இதையெல்லாம் யார்கிட்டம்மா சொன்னே?” என்று கேட்டான் மருதையன்.

“சாமிகிட்டதாங்க. வீட்டுக்காரர் படுத்த படுக்கையா கெடந்தப்போ வெள்ளிக்கிழமை தவறாம அர்ச்சனை பண்ணேன். குருக்கள் கேட்டாரு, சத்தமாச் சொன்னேன். பக்கத்துல கும்பிட்டுக்கிட்டு நின்னவங்களை யாரு பார்த்தா? அவரும் பொழைக்கல. அஸ்தி கரைச்சுட்டு வந்தா வீட்டுல வேற பூட்டு.”

மருதையன் சபையில் முறையிட்டான். பிரதானி சிரித்தார். “அரசே, விற்றுவிட்டு வந்து அழுகிறாள். திரையை ஏமாற்ற முடியுமென்றால் இந்தக் கோமாளியே செய்து காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்!”

“உத்தரவு” என்றான் மருதையன்.

மறுநாள் ராஜாவின் பிறந்தநாள். கோயிலில் குருக்கள் ராஜாவின் பெயர், நட்சத்திரம், கோத்திரத்தை ஊரே கேட்க முழங்கினார். கூட்டத்தில் கைகூப்பி நின்ற மருதையன் நேராகச் சாவடிக்குப் போனான்.

சற்று நேரத்தில் ராஜா, சாவடிப் பெட்டகத்தில் இருந்த விழாக் கிரீடத்துக்கு ஆள் அனுப்பினார். வரவில்லை. தானே போய்த் திரைமுன் நின்று மூன்றையும் சொன்னார்.

“ராஜா அப்பவே வந்து வாங்கிட்டுப் போயாச்சு. நீ யாருய்யா?”

ராஜா திரையைக் கிழித்தார். அவருக்குப் பின்னால் கிரீடத்தோடு மருதையன் வந்து நின்றான். “அரசே, தங்கள் சட்டப்படி இப்போது நான்தான் தாங்கள். பிரதானியை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பிரதானியின் பதவி போனது. “என்ன பரிசு வேண்டும், கேள்!”

“செங்கமலத்தின் வீடு, அரசே.”

ஆட்கள் ஓடினார்கள். வாங்கியவன் அதற்குள் வீட்டை இடித்திருந்தான். நிலை, கதவு, உத்திரம் எல்லாம் வண்டியேறிப் போய்விட்டன. அவள் கணவன் கிடந்த இடத்தில் வெயில் அடித்தது.

ராஜா வேறு வீடு தந்தார். பட்டயம் எழுத உட்கார்ந்த அதிகாரி, “உன் பேர் என்னம்மா?” என்று கேட்டார்.

செங்கமலம் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ராஜாவின் சிரிப்பு நின்றது.

உங்கள் விவரத்தை யாராவது இப்படிப் பக்கத்தில் நின்று கேட்டு, உங்களைப் போல நடித்திருக்கிறார்களா? எங்கே, எப்படி என்று பதில் எழுதுங்கள். பேர் போட வேண்டாம்.