பாதிக் கூடு

பறவைகளெல்லாம் ஒரே பாஷை பேசிய அந்தக் காலத்தில், வட்டாரத்துக் குருவி, கிளி, மைனா அத்தனையும் ஒரே ஆலமரத்தில்தான் குடியிருந்தன. மரத்துக்கு நாட்டாமை ஓர் அண்டங்காக்கை. உரக்கக் கத்துகிறவனுக்கு உச்சிக்கிளை என்பது அவர் போட்ட சட்டம். நல்ல சேதி சொன்னால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? சண்டை மூட்டினால் மரமே திரும்பும். ஆகவே பொழுது விடிந்தால் சண்டை, பொழுது சாய்ந்தால் அதன் மிச்சம்.

அங்கே பொன்னன் என்றொரு தூக்கணாங்குருவி தன் மனைவி தவிட்டியோடு கிளைக் கவட்டில் கூடு கட்டி வாழ்ந்தான். ஒருநாள் அந்தக் கூட்டை நோக்கிச் சாரைப்பாம்பு ஏறியது. தவிட்டி தொண்டை கிழியக் கத்தினாள். மைனாவுக்கும் கிளிக்கும் நடந்த சண்டையில் அது யார் காதிலும் விழவில்லை. முட்டைகள் போயின.

பொன்னன் காக்கையாரிடம் முறையிட்டான். "அண்ணாச்சி, ஆபத்துன்னு கூப்பிடுறவங்க குரலாவது கேக்குற மாதிரி செய்யக்கூடாதா?"

"உன் பொண்டாட்டி இன்னும் கொஞ்சம் சத்தமாக் கத்தியிருக்கலாம்" என்றார் அவர்.

மறுநாளே இருவரும் கிணற்றோரப் பனைக்குக் குடிபெயர்ந்தார்கள். பாம்புக்கு எளிதில் எட்டாதபடி ஓலை நுனியில் தொங்கும் கூடு ஒன்றைப் பொன்னன் பின்னினான். தவிட்டிக்கு மனம் ஆறவில்லை. "இங்க சத்தம் இல்ல, சரி. நான் கத்தினா கேக்க ஆளும் இல்லயே. மழைக்குள்ள நாலு குடும்பமாவது வரலேன்னா நான் இங்க முட்டையிட மாட்டேன்."

அவள் சொன்னது நியாயம்தான். பொன்னன் சோறு தண்ணி மறந்து ஓலைக்கு ஓலை கூடு கட்டினான். வாசல், நடை, முட்டை அறை எல்லாம் வைத்து, ஈரக் களிமண்ணும் அப்பி முடித்தான். பிறகு ஆலமரத்துக்குப் போய்ச் சொந்தக்காரர்களை அழைத்து வந்தான். வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், மெச்சினார்கள், ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். பொன்னனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியாகக் கிளம்பிய அத்தை மகன் நாணலனை மறித்தான். "என்ன குறை கண்ட, மாப்ளே?"

"ஒரு குறையும் இல்ல மச்சான். எல்லாத்தையும் நீயே முடிச்சு வச்சிருக்க. அது காக்கை மரம், இது உன் வீடு. ரெண்டு இடத்துலயும் நாங்க ஒண்ட வந்தவங்கதானே? நாளைக்கு நீயும் ஒரு சட்டம் போட்டா?"

பொன்னனுக்குச் சுருக்கென்றது. இருப்பதிலேயே அழகாக வந்திருந்த கூட்டின்மேல் உட்கார்ந்து அதன் கீழ்ப்பாதியை அலகால் பிரிக்கத் தொடங்கினான்.

"பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்று தவிட்டி பதறினாள். நார் நாராகக் கிணற்றில் விழுந்தது. மேல்பாதி மட்டும் தொப்பி போலத் தொங்கியது.

"வாசல் எந்தப் பக்கம் வேணுமோ, நீயே வச்சுக்கோ" என்றான் பொன்னன்.

நாணலன் பறந்து போய் ஒரு புல் கீற்றோடு திரும்பினான். பொன்னன் அடுத்தடுத்த கூடுகளையும் பாதியாக்கினான். நாணலனின் தங்கை வந்தாள், அவளைப் பார்த்து அவள் கொழுந்தனார் வந்தார். மழை பிடிப்பதற்குள் பனை நிறைந்துவிட்டது. தவிட்டியும் முட்டையிட்டாள்.

ஆவணியில் சாரை வந்தது. தவிட்டி ஒரு குரல்தான் கொடுத்தாள். ஓலைக்கு ஓலை குருவிகள் கிளம்பி வந்து கொத்திய கொத்தில் பாம்பு பாதி மரத்திலேயே திரும்பி இறங்கிவிட்டது. ஆலமரத்தில் அன்றும் ஏதோ சண்டையாம்.

அதற்குப் பிறகுதான், தூக்கணாங்குருவிகள் குடியிருக்கும் பனையில் முழுக் கூடுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு பாதிக் கூடுகளும் தொங்குகின்றன. யாரோ கட்ட முடியாமல் விட்டுப்போனது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மீதியைக் கட்ட வேண்டியவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.