பாதியில் எடுத்த தட்டு

"இந்த இன்ஜினைக் கழற்றிடலாம்னு இருக்கேம்மா" என்றார் பொன்னுரங்கம்.

மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. அவளுக்கு இருபத்தேழு. ஆனால் அந்த அலுவலகத்தில் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவள் அவள்தான். மூன்று மாதமாக அவளிடம்தான் அவர் பாடம் கேட்கிறார்.

எம்பிராய்டரி இயந்திரங்களை ஓட்டும் நிரலை சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியவர் அவர். அதற்குள், பிறர் எழுதித் தரும் வரிகளை ஓட்ட ஒரு ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜினையும் பொருத்தியிருந்தார். திருப்பூரில் இயந்திரத்தில் நிற்கும் பெண்கள் நாலு வரி எழுதினால் போதும், தங்கள் பூவைத் தாங்களே துணியில் போட்டுக்கொள்ளலாம்.

எழுதினார்கள். ஏழாவது இதழில் இயந்திரம் நின்றுபோனது. தினமும் நின்றது.

"சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா எடுத்துடச் சொல்லி மேலிடத்துல சொல்லிட்டாங்க. பாவம், அந்தப் புள்ளைங்க ரொம்ப ஆசையா எழுதுனாங்க."

"நிக்கறப்ப என்ன ஆகுதுங்க சார்?"

"அவங்க எழுதுன ஸ்கிரிப்ட் உள்ள ஓடுறப்ப நூலைத் தேடுது. நூல் விவரத்தை நான்தானே குடுக்கறேன். குடுக்காம இல்லையே."

"குடுத்தப்புறம்?"

"என் வேலை முடிஞ்சதும் அழிச்சிடுவேன். இருபத்தஞ்சு வருசத்துல மெமரியில ஒரு பைட் மிச்சம் விட்டதில்லம்மா நான்."

சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

"சாப்பிட்டுட்டுப் பாக்கலாங்க" என்றாள்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரியாணியை அவருக்கு ஒரு தட்டில் வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். கறித்துண்டை மென்றபடி கண்ணை மூடினார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவத் தொடங்கினாள்.

மூன்றாவது வாய்க்குப் போன கை மேசையைத் தொட்டது. அங்கும் இங்கும் தடவியது. கண்ணைத் திறந்தார்.

"என்னம்மா இது, சாப்பிட்டுட்டு இருக்கேன்ல?"

"அப்படிங்களா? பரிமாறுனதோட என் வேலை முடிஞ்சுதுங்க சார். பாத்திரம் மிச்சம் கெடந்தா எனக்குப் பிடிக்காது."

"பிடிக்காதுன்னா, சாப்பிட்டாச்சான்னு ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?"

அவள் தட்டைத் துடைத்தாள்.

பொன்னுரங்கம் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

சோற்றுக் கையோடு எழுந்து கணினியை நோக்கி நடந்தார்.

"சார், கை கழுவலை. பிரியாணியும் நிறைய இருக்குதுங்க."

"இரும்மா. உள்ள ஒருத்தன் நூலைத் தேடி வெறும் மேசையைத் தடவிட்டு உக்காந்திருக்கான்."