லாரியில் காய்ந்த சோளம்

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. களத்தில் மக்காச்சோளத்தைப் பரப்பியிருந்த பவளக்கொடிக்குக் இருப்புக்கொள்ளவில்லை. வியாபாரி சிங்காரமோ ஒரு மணியைக் கடித்துத் துப்பிவிட்டு, லாரிப் படியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் ஈரம் போகலைம்மா. பாதி விலைதான். இல்லேன்னா மழை விட்டதும் பேசலாம்."

காலையில், அதே களத்தில் பக்கத்தில் செங்கமலம் காயப்போட்டிருந்த சோளத்தையும் இப்படித்தான் கடித்துத் துப்பி, பாதி விலைக்கு வாங்கி லாரியில் ஏற்றியிருந்தார். லாரி மூடாமல் கிடந்தது. களத்தில் இருந்ததோ ஒரே தார்ப்பாய், பவளக்கொடியுடையது. அவள் அதை மடித்துப் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டாள்.

"ஈரச் சோளந்தானே மொதலாளி, நனைஞ்சா நனையட்டும்."

முதல் துளி சிங்காரத்தின் மூக்கில் விழுந்தது. துள்ளி எழுந்தார்.

"பாயைக் குடும்மா! லாரியில இருக்கறது அத்தனையும் கலகலன்னு காஞ்ச சோளம், பூஞ்சை புடிச்சுடும்!"

களமே திரும்பிப் பார்த்தது. செங்கமலம் கையிலிருந்த துடைப்பத்தோடு எழுந்து வந்தாள்.

"காலையில ஈரமா இருந்தது, லாரியில ஏறினதும் காஞ்சிடுச்சா மொதலாளி?"

சிங்காரம் துடைப்பத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் முழு விலை! எந்திரிம்மா!"

பவளக்கொடி அசையவில்லை.

"மொதல்ல என் சோளமும் லாரியில ஏறட்டும். பாய் ஒண்ணுதானே இருக்கு?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிங்காரமே கூடையைத் தூக்கினார்.