ஆடாத முக்காலி

“இந்த ஸ்டாண்டும் சரியில்ல டீச்சர்,” என்றார் தணிகாசலம்.

பல்கீஸ் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் கேமராவை நிறுத்தும் புது முக்காலி ஒன்று நின்றது. மரக் கால்கள், இரும்பு நுனிகள். பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு அவருடைய மாணவர்.

மாணவருக்கு வயது அறுபத்தாறு. ஆசிரியைக்கு நாற்பத்தொன்று. பெட்டி போன்ற பெரிய கேமராவில் படம் எடுக்கப் பழகுவதற்காக, இந்த மலைக்கு ஏறி வருகிறவர்கள் அநேகமாக ஓய்வு பெற்றவர்கள்தான்.

“போன தடவை கொண்டு வந்தீங்களே, அது?”

“அலுமினியம். காத்துக்கு ஆடுச்சு.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுல தலை சரியில்ல. கேமராவை மாட்டினா, பஸ்ல தூங்குற ஆள் மாதிரி மெல்ல மெல்லக் குனியுது.”

“உருண்டைத் தலை இந்தக் கனத்தைத் தாங்காதுன்னு சொன்னேன்.”

“சொன்னீங்க. இப்போ கைப்பிடி வச்ச கனமான தலையே வாங்கியாச்சு. அப்பவும் படம் கலங்கலாத்தான் வருது. ஆடாத ஸ்டாண்டு எதுன்னு சொல்லிடுங்க. வேதவல்லிக்கு இன்னும் ரொம்ப நாள் இல்ல.”

வேதவல்லி அவர் மனைவி. முகம் தெளிவாக அவருடைய படம் ஒன்று. தணிகாசலத்துக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பல்கீஸ் எழுந்து வந்தார்.

முக்காலியின் கால்களை அகல விரித்தார். நுனிகளை மண்ணில் மிதித்து இறக்கினார். தலையின் திருகுகளை இறுக்கினார். அதன்மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தார்.

பிறகு முக்காலியின் காலைக் கையால் ஓங்கித் தட்டினார்.

தண்ணீர் சற்றே சிலிர்த்து, உடனே அடங்கியது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

“இது என்னைவிட நல்லா நிக்குது அண்ணே. படத்தைக் காட்டுங்க.”

தணிகாசலம் தயங்கினார். பிறகு பையிலிருந்து ஃபிலிமை எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கை அகல ஃபிலிம்.

பல்கீஸ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்தார். முதலில் கண்களைப் பார்க்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பார். கண்கள் கலங்கலாக இருந்தன.

பூதக்கண்ணாடியைக் கீழே நகர்த்தினார்.

நாற்காலியின் பிரம்புப் பின்னல் இழை இழையாகத் தெரிந்தது. பின்னால் சுவரில் ஓர் ஆணி. அதன் கொண்டைகூடத் தெளிவு.

உட்கார்ந்திருந்தவர் மட்டும் புகை மாதிரி இருந்தார்.

“நாற்காலி நல்லா விழுந்திருக்கு,” என்றார் பல்கீஸ்.

தணிகாசலம் முக்காலியின் காலில் ஒட்டிய மண்ணைத் துடைக்கத் தொடங்கினார்.

“எப்போ தெரியும் உங்களுக்கு?”

“முதல் படத்துலயே.”

“அப்புறம் எதுக்கு இத்தனை ஸ்டாண்டு?”

“ ‘நான் அசையாம இருந்தேனாங்க’ன்னு கேட்டா. இருந்தே, ஸ்டாண்டுதான் ஆடிடுச்சுன்னு சொல்லிட்டேன். சொன்னா வேற வாங்கணும் இல்லையா? வாங்கினேன். அவளுக்கு நடுக்கம் கூடிக்கிட்டே போச்சு. நானும் வாங்கிக்கிட்டே இருந்தேன்.”

“போன்ல எடுக்கலாமே. இந்தக் கேமரா மாதிரி நொடிக்கணக்குல பிடிக்காது, நடுக்கம் தெரியாது.”

“எடுத்தேன். ஒரு நொடியோட துண்டுதான் வருது. அந்தத் துண்டுல அவ இல்ல.”

பல்கீஸ் ஃபிலிமைத் திருப்பிக் கொடுத்தார்.

“படத்தைக் காட்டுங்கன்னு தினமும் கேக்கறா டீச்சர். இன்னும் கழுவலன்னு சொல்லி வச்சிருக்கேன். நாற்காலியைப் பார்த்தா அவளுக்குப் புரிஞ்சிடும்.”

பல்கீஸ் டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

“முக்காலியை மடக்குங்க. நானும் வரேன்.”

வீட்டில் வேதவல்லி அதே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கையை இன்னொரு கை பிடித்திருந்தது. இரண்டும் ஆடின.

“இதாவது நல்ல ஸ்டாண்டா?” என்று கேட்டார்.

“நல்ல ஸ்டாண்டுதான்க்கா,” என்றார் பல்கீஸ்.

“இவர் கடைக்காரன் சொல்றதை எல்லாம் நம்புவார். கத்திரிக்காயே பார்த்து வாங்கத் தெரியாது.”

தணிகாசலம் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, மனைவியின் கண்களைத் தேடினார். பிறகு வெளியே வந்து ஃபிலிமைச் செருகினார். வேதவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் யாரும் நடக்கக்கூட விடாதவர் பல்கீஸ். அவர் கை கறுப்புத் துணிக்கு அடியில் போனது. முக்காலித் தலையின் திருகைத் தளர்த்தியது. அங்கேயே தங்கி, கேமராவை மெதுவாக ஆட்டியது.

தணிகாசலம் பார்த்துவிட்டார்.

“படம் போயிடும் டீச்சர்,” என்றார், உதடு அசையாமல்.

“போகட்டும்.”

தணிகாசலம் விசையை அழுத்தினார்.

மறுநாள் அச்சிட்ட படத்தை வேதவல்லியிடம் கொடுத்தார்கள். படம் அவர் கையில் படபடத்தது. தணிகாசலம் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

சுவர் கலங்கியிருந்தது. ஆணி ஒரு கோடாக இழுபட்டிருந்தது. பிரம்புப் பின்னல் தெரியவே இல்லை.

“பார்த்தியா, ஸ்டாண்டுதான்,” என்றார் தணிகாசலம்.

வேதவல்லி வெகுநேரம் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு பல்கீஸைப் பார்த்தார்.

தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையைத் தடவிக் கொடுத்தார்.

“பாவம், இதுக்கும் வந்துடுச்சா?” என்றார்.