கடல்குதிரைகள் காலையில் ஏன் ஆடுகின்றன?

மீனும் நண்டும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மன்னார் வளைகுடாவின் கடல்புல் காட்டில் மஞ்சாடி, நெளியன் என்று ஒரு கடல்குதிரை ஜோடி வாழ்ந்தது. மஞ்சாடி முட்டைகளைத் தருவாள். நெளியன் தன் வயிற்றுப் பைக்குள் வாங்கி வைத்துக் குஞ்சு பொரிப்பான். அவர்கள் இனத்தின் வழக்கம் அது.

ஓர் ஐப்பசியில் புயல் அடித்தது. அலை நெளியனைப் பாறையில் அறைந்ததில் பை கிழிந்து, உள்ளிருந்த குஞ்சுகள் எல்லாம் போயின. காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் மஞ்சளாக இருந்த அவன் உடம்பு கறுத்தே கிடந்தது. பசியில்லை, தூக்கமில்லை. மஞ்சாடி வாலால் தொட்டாலும் விலகிக்கொண்டான்.

அவளுக்கு மறுபடி முட்டைகள் முதிர்ந்தன. "பையைத் திறக்கிறாயா?" என்று கேட்டாள்.

"முடியவில்லை."

"என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா?"

"உன்னையா? ஆசைதான் வரமாட்டேன் என்கிறது, மஞ்சாடி. வெளியே புயல் ஓய்ந்துவிட்டது. என் தலைக்குள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது."

பாறை இடுக்கிலிருந்து ஒரு நண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. "நாளைக்குள் கொடுக்காவிட்டால் முட்டை வீணாகிவிடும். இவன் இனி தேறமாட்டான். வேறு ஒருவனைப் பார்," என்றது.

நெளியன் தலையைக் குனிந்துகொண்டான்.

மஞ்சாடி சற்றுத் தள்ளிப் போனாள். முட்டைகள் அத்தனையையும் மணலில் உதிர்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"என்ன காரியம் செய்தாய்!" என்று அவன் பதறினான்.

"இப்போது உன்னிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. பயப்படாமல் வா, சும்மா நீந்தலாம்." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. இருவரும் அழுதார்கள்.

மறுநாள் விடிந்ததும் வந்தாள். ஒரே புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு இருவரும் சிறிது நேரம் சுற்றினார்கள். பிறகு அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாள். அடுத்த நாளும் வந்தாள். முதலில் அவனுக்குப் பசி திரும்பியது, அப்புறம் தூக்கம். சில நாள் பழையபடி கறுத்துப்போவான். அன்றைக்கும் அவள் வருவாள்.

மாசியில் ஒரு காலை, தூரத்தில் அவளைக் கண்டதுமே அவன் உடம்பு மஞ்சளாக மாறியது.

"முட்டை இருக்கிறதா?" என்று அவனே வெட்கத்தோடு கேட்டான்.

அன்று முதல்தான், முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடல்குதிரை ஜோடிகள் தினமும் விடிந்ததும் சந்தித்து, நிறம் மாறி, ஒரே புல்லைப் பற்றிக்கொண்டு ஆடுகின்றன.