விளக்குப் பொறிக்கு வராதவை

ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது நாற்பத்திரண்டு, சீடருக்கு அறுபத்தொன்று. குரு சீடரை "சார்" என்று கூப்பிடுவார். சீடர் குருவை "மேடம்" என்பார். இதில் இரண்டு பேருக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் வேடிக்கையாக இருந்தது.

குருவின் பெயர் உமையாள். காவிரிக் கரையோரம் இருந்த ஒரு வேளாண் கல்லூரியில் பூச்சியியல் பேராசிரியர். அந்தக் கல்லூரி நாற்பத்தோரு வருடமாக 'மருதப் பூச்சியியல்' என்று ஓர் ஆய்விதழை நடத்திவந்தது. மூன்று மாதத்துக்கு ஒன்று வரும். அதற்கு ஆசிரியரும் அவர்தான்.

சீடர் ஆரோக்கியசாமி, புள்ளியியல் துறையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வயதுக்காரர்கள் காலை நடையும் பேரப்பிள்ளையுமாகப் பொழுதை ஓட்ட, இவர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டார். வீட்டில் சிரித்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருடைய ஆய்வுப் பொருளே அந்த இதழ்தான். நாற்பத்தோரு வருடத்தில் அதில் என்னென்ன ஆராய்ந்தார்கள், ஆராய்ச்சி எந்தெந்தக் காலத்தில் எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கட்டுரைக்குச் செல்வாக்கு அதிகம் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். பூச்சியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கொசு, கரப்பான், எறும்பு, அத்தோடு சரி. ஆனால் எண்ணுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எண்ண எண்ண அவருக்கு ருசி தட்டிவிட்டது. முதல் பத்து வருடம் இதழ் முழுக்க மருந்துதான். எதைத் தெளித்தால் எது சாகும் என்பதே பேச்சு. பிறகு சிலந்தியும் குளவியும் கட்டுரைகளுக்குள் நுழைகின்றன. பூச்சியைத் தின்னும் உயிர்களைத் தேட ஆரம்பித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மரபணு. இப்போது கேமராவும் கணினியும். நடுவில் ஒரு வருடம் மட்டும் கட்டுரைகள் பாதியாகக் குறைந்திருந்தன. ஏன் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் கண்டுபிடித்தார். அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. நெல் இல்லை, நெல்லைத் தின்னும் பூச்சியும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை. அன்றைக்கு அவர் சின்னப்பிள்ளை மாதிரி உமையாளின் அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னார்.

செல்வாக்கை அளக்க உலகத்தில் ஒரு வழி இருக்கிறது. ஒரு கட்டுரையைப் பின்னால் வருகிறவர்கள் எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் சான்றாகக் காட்டுகிறார்கள் என்று எண்ணுவது. ஆரோக்கியசாமி எண்ணினார். ஒரு கட்டுரைக்கு இருநூற்றுப் பதினான்கு பேர், இன்னொன்றுக்கு எண்பது பேர், சிலவற்றுக்கு இரண்டு, மூன்று.

கடைசியில் களக் குறிப்புகள் வந்தன. ஒவ்வோர் இதழின் கடைசி இரண்டு பக்கமும் அவைதான். வேளாண் உதவி அலுவலர்கள், பண்ணை மேற்பார்வையாளர்கள், எங்கோ ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், இப்படிப் பலர் எழுதி அனுப்புவது. ஒவ்வொன்றும் ஆறேழு வரி. இந்த வாரம் எங்கள் பக்கத்து நாற்றங்காலில் இந்த வண்டைப் பார்த்தோம், நாற்றின் நுனியைக் கிள்ளி நட்ட வயலில் குறைவாக இருக்கிறது என்கிற மாதிரி. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள். அவற்றை நாற்பத்தோரு வருடத்தில் ஒருவர்கூட எங்கும் சான்றாகக் காட்டவில்லை.

ஹபீபுன்னிசா என்ற உதவி அலுவலர் மட்டும் பதினேழு வருடம் விடாமல் ஐம்பத்தெட்டுக் குறிப்புகள் அனுப்பியிருந்தார். அந்தப் பெயருக்கு நேரே சைபர் போட்டபோது ஆரோக்கியசாமிக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. உள்ளதைத்தானே எழுதுகிறோம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

இந்த சைபருக்கு இப்போது ஒரு வேலை வந்திருந்தது. அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியலில் 'மருதப் பூச்சியியல்' விழுவோமா நிற்போமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் வரும் எல்லாவற்றையும் கூட்டி, சான்று காட்டியவர்களின் எண்ணிக்கையை அந்தத் தொகையால் வகுத்தால், குறிப்புகள் சராசரியைக் கீழே இழுத்தன. குறிப்புகளை நிறுத்திவிட்டால் இதழ் பட்டியலில் தங்கிவிடும். தங்காவிட்டால் அதில் வரும் கட்டுரை எதுவும் பட்டத்துக்குச் செல்லாது. அடுத்த இதழில் ஆரோக்கியசாமியின் கட்டுரையும் இருந்தது. அது செல்லாமல் போனால் அவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவே முடியாது. வேறு இதழ் தேடி, காத்திருந்து, மறுபடி எழுதி என்று இரண்டு வருடமாவது ஆகும். அறுபத்தொரு வயதில் இரண்டு வருடம் சின்ன விஷயமில்லை.

நிறுத்தலாமா வேண்டாமா என்று இதழ்க் குழு மறுநாள் இரண்டு மணிக்கு முடிவு செய்யும். முடிவுக்கு அடிப்படை ஆரோக்கியசாமியின் அறிக்கை. அறிக்கையில் ஒரு வரி தெளிவாக இருந்தது: 'களக் குறிப்புகளின் செல்வாக்கு: 0. நிறுத்தப் பரிந்துரைக்கப்படுகிறது.'

ஆனாலும் அவருக்கு ஏதோ உறுத்தியது. சாயங்காலம் அறிக்கையோடு உமையாளின் அறைக்குப் போனார்.

"மேடம், ஒருத்தரும் சீண்டாத குறிப்பை நாற்பத்தோரு வருஷமா எதுக்கு அச்சடிச்சோம்?"

உமையாள் அறிக்கையை வாங்கிப் புரட்டினார். அந்த வரியையும் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நாளைக்குக் காலையில ஆறரைக்குப் பண்ணைக்கு வந்துடுங்க சார்," என்றார். "விளக்குப் பொறியைப் பார்க்கிற ஆள் லீவு. நீங்கதான் நல்லா எண்ணுவீங்களே."

கேட்டதற்கு இது பதிலில்லையே என்று நினைத்தாலும், எண்ணச் சொன்னால் ஆரோக்கியசாமி மறுக்கிற ஆளில்லை.

காலையில் போனார். மகள் வாங்கிக் கொடுத்த புதுக் காலணி, தேய்த்த சட்டை, தோளில் அறிக்கை வைத்த பை. உமையாள் முன்னாலேயே வந்திருந்தார். விளக்குப் பொறி வயலோரம் நின்றது. மேலே ஒரு பல்பு, அதற்குக் கீழே புனல், புனலுக்குக் கீழே வாளி. ராத்திரி பல்பு எரியும். வெளிச்சத்துக்கு மயங்கி வரும் பூச்சிகள் புனலில் விழுந்து வாளிக்குள் போய்ச் சேரும். காலையில் அவற்றை எண்ணி எழுத வேண்டும்.

உமையாள் வாளியை ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்தார். பூச்சிகளின் படம் போட்ட அட்டை ஒன்றும், சின்ன இடுக்கி ஒன்றும், பெயர்கள் அச்சடித்த படிவம் ஒன்றும் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆரோக்கியசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். முக்கால் மணி நேரம் தலை நிமிரவில்லை. குருத்துப்பூச்சி நாற்பத்து மூன்று. பச்சைத் தத்துப்பூச்சி நூற்று ஆறு. புகையான் பதினொன்று. படிவத்தில் ஆறாவதாக முள்வண்டு இருந்தது. அட்டையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மறுபடியும் முதலிலிருந்து கிளறிப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. சைபர் போட்டார்.

"கீழே 'வயலின் நிலை'ன்னு ஒரு வரி இருக்கும் சார். அதையும் எழுதிடுங்க," என்றார் உமையாள்.

அவர் எழுதினார்: 'தத்துப்பூச்சி அதிகம். முள்வண்டு இல்லை.' கீழே கையெழுத்தும் தேதியும் போட்டார். முப்பத்து மூன்று வருடக் கை, யாரும் சொல்லாமலே போட்டுவிட்டது.

உமையாள் படிவத்தை வாங்கி மடித்து வைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, நீளக் கம்பில் கட்டிய கைவலை ஒன்றை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தார். ஆரோக்கியசாமி பின்னாலேயே போனார். பத்தடி தூரத்தில் உமையாள் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். ஆரோக்கியசாமி புதுக் காலணியைப் பார்த்துக்கொண்டு வரப்பிலேயே நின்றார்.

இளம் பயிர். இலைகளில் நீளவாக்கில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் இருந்தன. இந்த ரகத்துக்கு இலை இப்படித்தான் போலிருக்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டார்.

உமையாள் பயிரின் மேலே வலையை இப்படியும் அப்படியுமாக வீசிக்கொண்டே நடந்தார். பத்து வீச்சு. பிறகு வலையின் வாயைப் பிடித்துக்கொண்டு வரப்புக்கு வந்து, அவர் முன்னால் மெல்லத் திறந்து காட்டினார்.

உள்ளே கறுநீல நிறத்தில் பொடிப்பொடியாக வண்டுகள் ஊர்ந்தன. உடம்பெல்லாம் முள். ஆரோக்கியசாமி பழக்க தோஷத்தில் எண்ண ஆரம்பித்துவிட்டார். இருபத்தேழு.

"இது என்னது மேடம்?"

"அட்டையில ஆறாவது படம்."

அவர் அட்டையை எடுத்துப் பார்க்கவில்லை. அந்தப் படத்தைத்தான் காலையில் நாலு தடவை பார்த்திருந்தாரே. இலையில் இருந்த வெள்ளைக் கோடுகள் எல்லாம் இந்த வண்டு சுரண்டித் தின்ற தடம் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

"பொறியில ஒண்ணுகூட இல்லையே," என்றார் மெதுவாக.

"இது பகல்ல திரியுற வண்டு சார். வெளிச்சத்தைத் தேடி வராது."

"முன்னாலேயே சொல்லியிருக்கலாமே நீங்க."

"நீங்க எண்ணினது தப்பில்லையே. பொறியில சைபர்தான்."

ஆரோக்கியசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. எண்ணியது தப்பில்லை. வயலைப் பார்க்காமலே வயலில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான் தப்பு. இது அவருக்குத் தெரியாத பாடமும் அல்ல. அலுவலகத்தில் இருந்தபோது, வெள்ளத்தால் படிவம் வந்து சேராத ஒரு கிராமத்துக்கு ஓர் எழுத்தர் சைபர் போட்டுவிட்டார். தகவல் வராதது வேறு, இல்லாதது வேறு என்று எல்லார் முன்னாலும் அந்த ஆளைக் கண்கலங்கும்வரை திட்டியவர் இதே ஆரோக்கியசாமி. இப்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. யாராவது தன்னை நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை போலிருந்தது.

உமையாள் திட்டவில்லை. வலையிலிருந்து இரண்டு வண்டுகளை மாதிரிக்காக ஒரு சீசாவில் போட்டு மூடினார்.

"அப்ப, அந்தக் குறிப்புகளுக்குச் செல்வாக்கு இருக்குன்னு சொல்றீங்க," என்றார் ஆரோக்கியசாமி.

"எனக்குத் தெரியாது சார்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. இருக்கிறது என்று சொல்வார், நாலு உதாரணம் காட்டுவார், தானும் நிம்மதியாகத் தலையாட்டலாம் என்று நினைத்திருந்தார்.

"கட்டுரையே எழுதாத விவசாயி யாராவது படிச்சு அதன்படி நட்டிருக்கலாம்," என்றார் உமையாள். "யாருமே பிரிச்சுப் பார்க்காம கரையான் தின்னும் போயிருக்கலாம். நான் பார்க்கல. நீங்களும் பார்க்கல."

ஆரோக்கியசாமி பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். அந்தப் பக்கத்தைத் திருப்பி, வரப்பில் நின்றபடியே பேனாவைத் திறந்தார். சைபரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'பார்க்கப்படவில்லை' என்று எழுதினார். பரிந்துரையை அடிக்கும் முன் பேனா நின்றது.

"இதை அடிச்சா இதழ் பட்டியலை விட்டுப் போயிடும் மேடம்."

"போகலாம்."

"என் கட்டுரையும் போயிடும்."

"ஆமா சார். என்கிட்ட ஆராய்ச்சி பண்ற மத்த நாலு பேரோடதும் போகும்."

ஏதாவது ஒரு வழி சொல்வார் என்று அவர் காத்திருந்தார். உமையாள் வலையில் ஒட்டியிருந்த நெல் இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ரெண்டு மணிக்கு நீங்கள் எதைக் கொடுத்தாலும் நான் கையெழுத்துப் போடுவேன் என்று மட்டும் சொன்னார். அதில் கோபமும் இல்லை, கட்டாயமும் இல்லை. அதுதான் ஆரோக்கியசாமிக்குக் கஷ்டமாக இருந்தது.

அவருக்கு ஹபீபுன்னிசா என்ற பெயர் ஞாபகம் வந்தது. பார்த்ததே இல்லாத ஆள். பதினேழு வருடம் யார் படிக்கிறார்கள் என்றே தெரியாமல் எழுதிய ஆள். அந்தக் குறிப்புகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அவருக்குள் எழுந்தது. ஆற்றில் தண்ணீர் வராத வருடத்தைக் கண்டுபிடித்தபோது இருந்த அதே குறுகுறுப்பு. இரண்டு வருடம் போனால் போகிறது என்று சொல்லும் துணிச்சல் இன்னும் முழுதாக வரவில்லை. ஆனாலும் பரிந்துரை வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டார்.

உமையாள் அதற்குள் அடுத்த வயலுக்குள் இறங்கியிருந்தார். முழங்கால் வரை சேறு. வலை வீச்சின் சத்தம் சீராகக் கேட்டது.

"மேடம்," என்று ஆரோக்கியசாமி கூப்பிட்டார். "வெளிச்சத்துக்கு வராததை எப்படித்தான் எண்ணுறது?"

உமையாள் நின்று திரும்பிப் பார்த்தார். முதலில் அவர் முகத்தை, அப்புறம் அவர் காலை.

"நீங்க இன்னும் வரப்புலேயே நிக்கிறீங்க சார்."